வெள்ளையாய்த் தெரிந்த இடம்

மலாய் நாட்டில் மெர்டேகா, அதாவது சுதந்திரக் கொடி ஏறி ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத சமயம் அது. பண்டார் ஹிலிரில், கடல் காற்று நேராக வந்து மோதும் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில், நகரத்துக்குத் திட்டம் போடும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே வரைபடப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. டிரேசர் என்பார்கள். மேசையில் படத்தை விரித்து, அதன் மேல் பளபளவென்று கஞ்சி ஏறிய டிரேசிங் துணியைப் பரப்பி, அடியில் தெரியும் கோடுகளை மையால் மேலே இழுக்க வேண்டும். கான்வென்ட்டில் நான் எல்லாப் பாடத்திலும் சுமார்தான். கை மட்டும் நடுங்காது. அந்தக் கைக்காகத்தான் எடுத்தார்கள்.

பிரிவில் நான் ஒருத்திதான் பெண். தலைமை வரைவாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாகக் காலையில் எப்படி வருவாரோ அப்படியே மாலையில் மடிப்புக் கலையாமல் இறங்கிப் போவார். எனக்கு எதிர்மேசையில் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்த ஒருவர் இருந்தார். காஜா பேராங்கில் கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்காரர்; பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும்; வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அவர்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான்.

முதல் நாள் தலைமை வரைவாளர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

“எந்தப் பக்கம் வீடு, பிள்ளை?”

“காஜா பேராங், சார்.”

“அப்பா என்ன செய்யிறார்?”

“துணி வேலை, சார்.”

“ஓ, துணிக்கடையோ? நல்லது, நல்லது.”

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதிர்மேசைக்காரர் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் ‘அப்பா’ என்ற சொல்லும் காஜா பேராங் என்ற பெயரும் காதில் விழுந்திருக்கும். என் அப்பா யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கம்போங் செட்டி வீடுகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளி அவர் குடும்பத்துடையது. அதில்தான் அப்பா துணி காயப்போடுவார். என் அப்பா டோபி.

தமிழ்நாட்டில் அந்தத் தொழிலுக்கு வேறு பெயர். அதைச் சொல்லும்போது சொல்பவர் வாய் ஒரு மாதிரி கோணும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இங்கே டோபி என்று சொல்லும்போது அந்தக் கோணலில் பாதி குறைந்திருந்தது. மிச்சம் பாதியை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். என்னோடு படித்த பிள்ளைகளின் சீருடை எங்கள் வீட்டில்தான் வெளுத்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். யாரும் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. சட்டையில் மை கொட்டினால் மட்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால்தான் அந்த அலுவலகம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியாத ஓர் இடம். எதிர்மேசைக்காரருக்குத் தெரியும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அவர் வீட்டு வேலியோரம் நாங்கள் ஒன்றாக மாங்காய் பொறுக்கியவர்கள். அலுவலகத்தில் ‘குட் மார்னிங்’ என்பதற்கு மேல் அவரிடம் நான் பேசியதில்லை. அவரும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

இரண்டாவது வாரம், என் படத்தைத் திருத்துவதற்காகத் தலைமை வரைவாளர் மேசைமேல் குனிந்தார். அவர் சட்டைக் காலரின் உள்பக்கம் கண்ணுக்கு நேரே வந்தது. சேங்கொட்டை மையில் மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. அப்பா போட்ட குறி. உஜோங் பாசிரில் ஒரு பெரிய வீடு, அவர்கள் துணியில் கஞ்சி கொஞ்சம் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா பயந்து பயந்து சொல்லும் வீடு, இவர் வீடுதான்.

“உம்மட சட்டையை ஆர் தோய்க்கிறது?” என்று அவரே ஒருநாள் கேட்டார். “எங்கட டோபியும் இப்பிடித்தான் மடிப்பெடுப்பான்.”

“வீட்லதான் சார்” என்றேன். முகம் சுட்டது. பொய் சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் ஓடியது. அந்தச் சமாதானத்தை நினைத்து அடுத்த நிமிடமே கூசிப்போனேன்.

விமானத்திலிருந்து எடுத்த படங்கள் கோலாலம்பூரிலிருந்து வந்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொன்றும் சதுரமாக, வழவழப்பாக, கறுப்பு வெள்ளையில் இருக்கும். ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் வைத்த இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கூரை மேலெழும்பும், தென்னைமரம் கண்ணைக் குத்த வரும். முதல் தடவை பார்த்தபோது கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மனிதர்கள் மட்டும் தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்தோம். அவ்வளவு பெரிய ஊரில் ஆளே இல்லாதது போல இருந்தது.

வருடக் கடைசி மழையில், கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் காஜா பேராங்கின் தாழ்ந்த பக்கம் தண்ணீரில் நிற்கும். புது அரசாங்கம் அதைச் சரிசெய்ய நினைத்தது. லோங்காங் எனும் பெரிய மழைநீர்க் கால்வாயை எங்கே வெட்டுவது, புது வீடுகளை எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்று முடிவுசெய்ய வேண்டும். அதற்காக எங்களுக்குக் கொடுத்த வேலையைத் தலைமை வரைவாளர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

“மழை விழுந்தால் நிலம் குடிக்குமோ, குடியாதோ, அதுதான் கேள்வி. குடியாத இடமெல்லாம் சிவப்பு. குடிக்கிற இடம் பச்சை.”

கூரை, தார் ரோடு, சிமெண்டு போட்ட முற்றம், கோயில் பிரகாரம் எல்லாம் சிவப்பு. தோட்டம், புல், சேறு, மண் பாதை எல்லாம் பச்சை. படத்தில் தார் ரோடு கரும்பட்டையாகவும் சிமெண்டு வெளிறியும் தெரியும். வெயிலில் காய்ந்த செம்மண்ணும் கிட்டத்தட்ட சிமெண்டு மாதிரியே இருக்கும். அங்கேதான் கண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தலைமை வரைவாளர் பார்த்துப் பென்சிலால் எல்லை போட்டுத் தருவார். நாங்கள் நகலெடுத்து வண்ணம் தீட்டுவோம்.

காஜா பேராங் படம் என் மேசைக்கு வந்தது. கண்ணாடி வழியாகக் கோயில் நிழலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சந்தாகப் போனேன். எதிர்மேசைக்காரர் வீட்டின் நீளக் கூரை தெரிந்தது. அதன் பின்னால் மாமரம். அதற்கும் பின்னால், படத்திலேயே மிகவும் வெளுப்பாக, கோயில் முற்றத்தைவிடப் பெரிதாக ஒரு வெள்ளைச் சதுரம். அதன் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு தகரக் கூரை. எங்கள் வீடு.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும், ஓட்டல் மேசைத் துணிகளும், யார் யாருடையதோ வேட்டிகளும் புல்லின் மேல் வரிசையாக விரித்துக் கிடந்தன. விமானம் நல்ல வெயில் காலையில் பறந்திருக்கிறது. எந்தச் சமயம் என்றுகூட என்னால் சொல்ல முடிந்திருக்கும், துணியை இன்னும் திருப்பிப் போடவில்லை.

அந்தச் சதுரத்தைச் சுற்றித் தலைமை வரைவாளர் பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் ‘சிமெண்டு’ என்று எழுதியிருந்தார்.

“பெரிய தரை, என்ன?” என்றார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று. “நடுவில கோடு கோடாய்த் தெரியுது பாரும். வெயிலுக்கு வெடியாமல் இருக்க இடைவெளி விட்டுப் போட்டிருக்கினம். நல்ல வேலை தெரிஞ்ச ஆக்கள். இவ்வளவு சீமெந்து ஏற்கெனவே கிடக்குதெண்டால், லொறி நிப்பாட்டுற இடத்தை அங்கேயே வைக்கலாம் எண்டு மேலே யோசிக்கினம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பச்சை இடங்களை ஏற்கெனவே பூசி முடித்திருந்தேன்; தூரிகையைச் சிவப்பில் தோய்த்தேன். அதன் நுனி சொட்டாமலிருக்கக் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை இழுத்தேன். பிறகு இன்னொரு முறை. எதிரே இருந்தவர் தலை தூக்காமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, மிக மெதுவாகச் சொன்னார்:

“புக்கான் சிமென், து.”

அது சிமெண்டு இல்லை என்கிறார். தெரியும் என்றேன் மலாயில். அவ்வளவு வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் மைக் குப்பியை மூடினார். அது அவர்கள் வீட்டு நிலம். அவரே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்காகத்தான் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது புரிந்ததும் தூரிகையைக் கீழே வைத்தேன்.

தலைமை வரைவாளரின் மேசை ஜன்னலோரம் இருந்தது. அங்கே நடந்து போகும்போது காலணிச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“சார், காஜா பேராங் படத்துல அந்த வெள்ளை இடம்... அது சிமெண்டு இல்ல.”

“பின்னே?”

“துணி.”

“துணியோ?”

“வெளுத்துக் காயப்போட்ட துணி. கீழ புல்லுதான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உமக்கெப்பிடித் தெரியும்?”

“எங்கப்பா போட்டது, சார்.”

கீழே தெருவில் ஒரு சைக்கிள் ரிக்ஷாக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் சட்டையைப் பார்த்தார், பிறகு தன் சட்டைக் கையைப் பார்த்தார். மூன்றையும் நான் பார்த்தேன்.

“அப்ப, துணி வேலை எண்டது...”

“அதுதான் சார்.”

“சரி” என்றார். “நாளைக்கு நேரில போய்ப் பார்ப்பம். நீரும் வாரும்.”

திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பத்து மணிக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்றித் தருவது நான் சேர்ந்த நாளிலிருந்து என் வேலையாக இருந்தது. அன்று அவர் குவளைக்குக் கை நீட்டினேன். “விடும் பிள்ளை, நான் எடுக்கிறன்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் குவளையில் நான் ஊற்றியதில்லை. அதற்கு வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று நானும் பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

அன்று வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன். அம்மா கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டிருந்தாள், அப்பா மறுநாளைக்கான மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் அவர்கள் எழுந்திருக்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் எனக்குப் பிறகு எழுந்ததே இல்லை; நான் கண் விழித்தபோது இருவரும் வேலையில் மூழ்கியிருந்தார்கள்.

மறுநாள் அலுவலக வேனில் மூன்று பேரும் போனோம். தலைமை வரைவாளர் முன்னால், கையில் குடையும் படமும். நானும் எதிர்மேசைக்காரரும் பின்னால். கம்போங் செட்டிச் சந்தில் வேன் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றது. இறங்கி நடந்தோம். நான் தினமும் நடக்கும் வழி. காலணியோடு, அலுவலகத்து ஆட்களோடு நடந்தபோது அந்தச் சந்தின் வாசம் எனக்கு அன்றைக்குத்தான் முதலில் தெரிந்தது போல இருந்தது. சோப்பும் சோடாவும் ஈரக் கரியும் கலந்த வாசம். என் தலைமுடியிலும் அது இருந்திருக்கும்.

அப்பா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கைலியை முழங்காலிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயா, நீங்களா? ஆள அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே. சட்டையில ஏதும் கறை நின்னுபோச்சுங்களா?”

“இல்லை, இல்லை. இது வேற அலுவல். இந்த இடத்தைப் பார்க்க வேணும்.”

“பாருங்க, நல்லா பாருங்க.” எதிர்மேசைக்காரரைப் பார்த்து மலாயில் நலம் கேட்டார். பிறகு அவர் கண் என்மேல் வந்தது. வேனைப் பார்த்தது போல, குடையைப் பார்த்தது போல என்னையும் பார்த்தது. ஒரு கணம் கூடுதலாக நிற்கவில்லை.

“வாங்க மிஸ்ஸி” என்றார் என்னிடம். “புல்லு ஈரமா இருக்கு, பாத்து நடங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மா கதவோரம் தலை நீட்டினாள். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்து ஆட்கள் யாராவது என்றைக்காவது வந்துவிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று, எனக்குத் தெரியாமல், எனக்காக.

தலைமை வரைவாளர் என்னைப் பார்த்தார். எதிர்மேசைக்காரர் தென்னைமரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“அப்பா” என்றேன்.

அது காதில் விழாதது போல அவர், “இந்தப் பக்கம் வாங்கய்யா, இங்க சேறு இல்ல” என்று முன்னால் நடந்தார்.

“அப்பா, சொல்லிட்டேன்.”

அவர் நின்றார். திரும்பவில்லை.

“உம்மட மகளெண்டு தெரியும்” என்றார் தலைமை வரைவாளர். “நேற்றே சொல்லிப்போட்டா.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதியை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது பயம். இஸ்திரிப் பெட்டி பட்டு யாருடைய சட்டையாவது கருகிவிட்டால் வருகிற அதே பயம். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். டோபி மகளாக இருப்பதற்கு நான் அத்தனை வருடம் பட்ட வெட்கம் எல்லாம் ஒன்றுமில்லை. தன்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற என் அப்பா நடித்துக்கொண்டிருந்தார் என்பதில் வந்த வெட்கம் வேறு.

வேலை நடந்தது. வேலை என்றால் எப்படியும் நடந்துவிடுகிறது. அன்றும் விரிப்புகள் வரிசையாகக் கிடந்தன. தலைமை வரைவாளர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார், வரிசைகளுக்கு நடுவில் இருந்த பச்சை இடைவெளியைப் பார்த்தார்.

“வெடிப்புக்கு விட்ட இடமெண்டு நினைச்சன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்பா ஓடிப்போய் ஒரு விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் நல்ல அடர்த்தியான புல். தலைமை வரைவாளர் குடையின் நுனியை ஊன்றினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. “குடிக்கிற நிலம்தான்” என்றார் என்னிடம். “பச்சை.”

அதோடு முடிந்திருக்கலாம். அவர் படத்தை மறுபடியும் பார்த்தார். “இந்தக் கறுப்பு? இதை நாங்கள் பற்றை புதரெண்டு பச்சை போட்டம். பற்றை ஒண்டையும் காணேல்லையே.”

வீட்டுக்குப் பின்னால் போனோம். அங்கே துவைக்கும் தொட்டிகளும் கற்களும், அவற்றைச் சுற்றி அப்பா போட்ட சிமெண்டுத் தரையும். எப்போதும் நனைந்து பாசி ஏறிக் கிடப்பதால் மேலிருந்து பார்த்தால் கருப்பாகத் தெரிந்திருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த எனக்கே கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அது தட்டுப்படவில்லை. நானேதான் அதற்குப் பச்சை பூசியிருந்தேன்.

“இவ்வளவையும் ஆர் போட்டது?”

“நான்தாங்கய்யா. சேறா இருந்துச்சு. கொஞ்சங் கொஞ்சமா, கையில சிமெண்டு கெடைக்கிறப்பல்லாம் போட்டேன்.” கொஞ்சம் கொஞ்சமாக அது எங்கள் வீட்டைவிடப் பெரிதாகியிருந்தது.

“இங்க விழுற தண்ணி எங்க போகுது?”

அப்பா துண்டைக் கையில் எடுத்து முறுக்கினார். தரையின் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. அது மாமரத்தைச் சுற்றி வேலிப் பக்கம் போயிற்று. எதிர்மேசைக்காரர் அவசரமாக மலாயில், பெரிய மழைக்கு மட்டும்தான், மற்ற நாளில் ஒன்றும் இல்லை என்றார். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மா வந்துவிட்டார். கெபாயா மேல்சட்டையும் சாரோங்கும் உடுத்தி, கையில் கரண்டியோடு, என்ன விஷயம் என்று மகனிடம் கேட்டார்.

“இந்தத் தண்ணி எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள்” என்றார் மகன், தயங்கித் தயங்கி.

“எங்கேயா? என் அடுக்களைக்குத்தான்!” என்று அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். “மழை வந்தால் என் அடுப்படி சோப்பு நுரையில் மிதக்கும். எத்தனை வருஷமாக!”

கோபமாகச் சொல்லவில்லை. கோயில் திரைச்சீலைகளை எல்லாம் அப்பாதான் வெளுத்துக் கொடுப்பார், அந்த அம்மாளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. அதனால்தான் அத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை போல. ஆனால் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வேலியைப் பார்த்து, மலாயில், “எனக்குத் தெரியாதம்மா” என்றார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தலைமை வரைவாளர் அளவு நாடாவை என்னிடம் நீட்டினார். நான் ஒரு முனை, எதிர்மேசைக்காரர் மறுமுனை. அப்பா போட்ட தரையை அவர் கண்ணெதிரிலேயே அளந்தோம். பாசியில் என் கால் வழுக்கியது. பிடிக்க வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார் அப்பா, தொடலாமா என்று தெரியாதவர் போல.

சாயங்காலம் நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் சொன்ன?”

“சொல்லலேன்னா இந்த இடத்துல லாரி நிப்பாட்டப் போறாங்கப்பா.”

“நிப்பாட்டட்டும். வேற எடம் பாத்துக்குவோம். இத்தன மாசம் உஜோங் பாசிர் மூட்டைய வச்சுக்கிட்டு, உங்க ஆபீஸ் ரோட்டுப் பக்கமே வராம, புக்கிட் சீனா மலைய சுத்திக்கிட்டு சைக்கிள் மிதிச்சேனே, அது எதுக்கு?”

எனக்கு அது தெரியாது. நேர் வழி பண்டார் ஹிலிர் வழிதான். கடற்கரை ரோட்டில் அப்பாவின் சைக்கிளை ஏன் ஒருநாளும் பார்க்கவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. பார்க்காமல் இருந்ததில் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

“நான் ஒங்கள அப்படிச் சுத்திப் போகச் சொல்லலியேப்பா.”

“சொல்லணுமா?” என்றார். பிறகு, “சோறு ஆறுது, போய்ச் சாப்பிடு” என்றார்.

அடுத்த நாள் புது டிரேசிங் துணியில் அந்தப் பகுதியை முதலிலிருந்து வரைந்தேன். வெள்ளைச் சதுரத்துக்குப் பச்சை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கரிய இடத்துக்குச் சிவப்பு. தண்ணீர் போகும் திசைக்கு ஒரு சின்ன அம்புக்குறி போட வேண்டும். அம்பின் முனை எதிர்மேசைக்காரர் வீட்டு அடுக்களையில் போய் நின்றது. அவர் எட்டிப் பார்த்தார். “அம்மாவுக்குக் காட்ட வேண்டும் இதை” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டோம். சின்ன வயதில் போல இல்லை, ஆனாலும் பேசினோம்.

தலைமை வரைவாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். மேலிடத்துக் கூட்டத்தில், அந்தப் புல்வெளி மழையைக் குடித்துக்கொள்வதால்தான் கம்போங் செட்டி இந்த அளவோடு தப்பிக்கிறது, அதில் எதையும் கட்டக்கூடாது, லாரிக்கு வேறு இடம் பாருங்கள் என்று வாதாடியிருக்கிறார். துவைக்கும் தரையிலிருந்து வேலியோரமாகப் போய்ப் பெரிய லோங்காங்கில் சேரும்படி ஒரு கிளை வாய்க்காலையும் அவரே திட்டத்தில் சேர்த்தார். எனக்குச் சொல்லாமலேயே செய்தார்.

அதே மாதம் அவர் வீட்டுத் துணி எங்களுக்கு வருவது நின்றது. டவுனில் ஒரு சீன டோபியிடம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். காரணம் எனக்குப் புரிந்தது. தனக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் அப்பா தன் உள்ளாடையைத் துவைக்கிறார் என்பது அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். அப்பாவுக்குப் புரியவில்லை. “கஞ்சி கூடிப்போச்சு போல” என்று பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். கஞ்சி இல்லை அப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தேநீர்க் குவளை வரைக்கும் சொல்ல வேண்டும்.

திட்டம் முடிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒரு மண்டபத்தில் பலகைகளில் படங்களை ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். கேட்பவர்களுக்குத் தமிழிலும் மலாயிலும் விளக்கிச் சொல்ல என்னைக் காஜா பேராங் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கடைக்காரர்கள் வந்தார்கள், வாத்தியார்கள் வந்தார்கள், உஜோங் பாசிர் பக்கத்திலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் வந்தார்கள். என் கான்வென்ட் சிநேகிதிகள் இருவர்கூட வந்து, “நீயா வரைஞ்ச?” என்று ஆச்சரியப்பட்டார்கள்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா தோய்த்து உடுத்தியிருந்த வேட்டி அந்த மண்டபத்திலேயே வெள்ளையான பொருள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாருக்கும் இடையூறு இல்லாமல் சுவரோரமாக நடந்து வந்து, மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து, படத்துக்கு முன்னால் நின்றார்.

“இதுல நாம எங்க இருக்கோம்?” என்றார்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். கோயில், சந்து, பக்கத்து வீட்டுக் கூரை, மாமரம். “இந்தப் பச்சை புல்வெளி. இங்க ஒண்ணும் கட்ட மாட்டாங்க. இந்தச் சிவப்பு நம்ம துவைக்கிற தரை. இந்த நீலக் கோடு புது லோங்காங்.”

உரக்கச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ‘துவைக்கிற தரை’ என்ற இடம் வந்தபோது குரல் தானாக இறங்கிவிட்டது. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கண் ஒருமுறை போய் வந்தது. அப்பா அதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல், நான் மெதுவாகப் பேசுவதற்கு வசதியாக, கொஞ்சம் குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“லோங்காங் எப்ப வெட்டுவாங்க?”

“அடுத்த மழைக்கு முன்னாடி வெட்டணும்னு சொல்றாங்கப்பா.”

“வெட்டட்டும்” என்றார். “அந்தம்மா அடுப்படி காஞ்சு கெடக்கட்டும்.”

அம்மா படத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். அப்பா தடுத்துவிட்டு, இன்னொரு கூட்டம் வருவதைப் பார்த்து ஒதுங்கினார். இரண்டு பேரும் வந்த வழியே சுவரோரமாகப் போனார்கள். வந்த கூட்டத்தில் ஒருவர், “இந்தச் சிவப்பெல்லாம் என்ன?” என்று கேட்டார்.

“தண்ணி உள்ள இறங்காத இடம்” என்றேன். என் முகம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.